உள்ளே இருக்கும் கை

(தவக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)

 

திருநீற்றுப் புதனன்று நம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். நாம் மண் என்பதை ஒரு முறை நினைத்துக்கொண்டோம். அந்த மண்ணைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். மண்ணைப் பற்றிப் பேசும் உரிமை என்னைவிடக் குயவருக்கு அதிகம். ஆகவே ஒரு குயவரிடம் நான் கற்றுக்கொண்டதையே சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. இராஜபாளையத்தில் நூற்பாலைகள் நிறைய உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி ஓர் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் தகப்பன் ஒருவர், ஒரு நாள் மாலை தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பையன் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்திருக்கிறான். அவன் முழங்கைக்கு மேலே பெல்ட்டின் தடம் சிவந்து தெரிந்தது.

"சாமி, நீங்களும் ரெண்டு போடுங்க. அப்பத்தான் புத்தி வரும்" என்றார் தகப்பன்.

"அடிச்சதுனாலதானே ஓடியிருக்கான்?" என்று கேட்டேன்.

"அடியாத மாடு படியாது சாமி. குயவன் அடிக்காமலா பானை செய்றான்? கடவுளே குயவன் மாதிரின்னு நீங்கதான பிரசங்கத்துல சொன்னீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான், நான் சொல்லியிருக்கிறேன். துன்பம் வரும்போதெல்லாம் கடவுள் நம்மைத் தட்டித் தட்டி உருவாக்குகிறார் என்று பல வீட்டுத் துக்கத்தில் பேசியிருக்கிறேன். அந்த வார்த்தை இப்படி ஒரு பெல்ட்டின் கைப்பிடியாகத் திரும்பி வரும் என்று நினைத்ததில்லை. பையனுக்குச் சாப்பாடு கொடுத்து, தகப்பனிடம் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சில நாள் கழித்து, வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைக்க நாலைந்து மண்பானை தேவைப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே, சாலையைவிட்டு மேற்கே மலைப்பக்கம் போகிற ஒரு தெருவில் பானை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். போனேன். "வாங்க சாமி, உக்காருங்க. ஈரம் காயுறதுக்குள்ள இதைத் தட்டி முடிச்சிடுறேன்" என்றார். நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்குப் பிரசங்கம் செய்தவர் அவர்தான்.

அன்பார்ந்தவர்களே, பானை சக்கரத்திலேயே முழுசாகப் பிறந்துவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை வேறு. கண்மாய் மண்ணைக் கொண்டுவந்து, கல்லும் வேரும் பொறுக்கி, ஊறவைத்து, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். அந்த மண்ணைச் சக்கரத்தில் வைத்துச் சுற்றும்போது பானையின் வாயும் கழுத்தும்தான் சரியாக உருவாகின்றன. உடம்பு தடிமனாக, நேராக நிற்கும். அடியில் ஓட்டை. நூலால் அறுத்து எடுத்து நிழலில் வைத்தால், பார்ப்பதற்கு அடியில்லாத குழாய் மாதிரி இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது.

அதை உருண்டையாக்குவது மரப்பலகைதான். கைப்பிடி வைத்த, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பலகை. குயவர் வலது கையில் அதைப் பிடிக்கிறார். இடது கையில் உருண்டையான ஒரு கல். கல் பிடித்த கையைப் பானைக்குள்ளே விடுகிறார். உள்ளே கல், வெளியே பலகை, நடுவே மண். பலகை மெதுவாகத் தட்டத் தட்ட, தடித்த சுவர் மெலிந்து விரிகிறது. அடியிலிருக்கும் ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி மூடிக்கொள்கிறது. மண் ஒட்டாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொள்கிறார். ஆம், சாம்பல்தான்! நாம் நெற்றியில் பூசிக்கொண்ட அதே சாம்பல் அங்கே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இருந்தது.

"இதுக்கு ஒரு மர அச்சு வச்சு, அதுமேல மண்ணை அப்பி எடுத்துட்டா வேலை சீக்கிரம் முடியாதா, அய்யா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அகல்விளக்குக்கு அச்சு இருக்கு சாமி. அது வாய் அகலம், கவுத்தா வந்துரும். பானை வயிறு பெருசு, வாய் சிறுசு. உள்ள அச்சு வச்சா அப்புறம் எப்படி வெளிய எடுப்பீங்க? பானைக்குக் கைதான் அச்சு."

எவ்வளவு எளிய உண்மை! விளக்கை அச்சில் அமுக்கி எடுக்கலாம், நூறும் ஒன்றுபோல வரும். உருண்டையான பானைக்கு உள்ளே ஒரு கை வேண்டும். அதுவும் ஒவ்வொரு பானைக்கும் தனித்தனியாக வேண்டும். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர்களுக்கு மின்சாரச் சக்கரம் கொடுத்து வருகிறது. பல வீடுகளில் சக்கரத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. ஆனால் பலகைக்கும் கல்லுக்கும் இன்றும் மனிதக் கைகள்தாம்.

அப்போதுதான் அந்தத் தகப்பனின் கேள்வியை அவரிடம் கேட்டேன். "அய்யா, நீங்க அடிச்சுத்தானே பானை செய்றீங்க?"

அவர் பலகையை நிறுத்தினார். "அடிக்கிறது இல்ல சாமி, தட்டுறது. உள்ள கை இல்லாத எடத்துல நான் ஒரு தட்டுகூடத் தட்ட மாட்டேன். தட்டினா அந்த எடம் குழிஞ்சு போயிரும், இல்லேன்னா கிழிஞ்சு போயிரும்." பிறகு தம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "எந்தக் கை வலிக்கும்னு நினைக்கிறீங்க? வலது கை இல்ல, இடது கைதான். வெளிய தட்டுறது பூரா உள்ள இருக்குற கைக்குத்தான் வந்து விழுது." அந்த இடது உள்ளங்கை கல்போலக் காய்த்துப் போயிருந்தது.

சகோதரரே, சகோதரிகளே, அந்த உள்ளங்கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆணி பாய்ந்த இன்னொரு உள்ளங்கை என் நினைவுக்கு வந்தது.

எரேமியா இறைவாக்கினர் நூல் 18ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஆண்டவர் எரேமியாவைக் குயவன் வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அங்கே சக்கரத்தில் ஒரு கலம் சிதைந்துபோகிறது. குயவன் அந்த மண்ணைத் தூக்கி எறியவில்லை. அதே மண்ணைக் கொண்டு வேறொரு கலம் வனைகிறான். எபிரேய மொழியில் குயவனைக் குறிக்கும் சொல்லும், தொடக்கநூல் 2ஆம் அதிகாரத்தில் கடவுள் மனிதனை மண்ணால் உருவாக்கியதைச் சொல்லும் வினையும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஆக, விவிலியம் கடவுளைக் குயவன் என்று அழைப்பது தற்செயலான உவமை அல்ல. முதல் மனிதன் உருவான நாளிலிருந்தே அது அவருடைய தொழில்.

ஆனால் இந்தக் குயவன் வெளியே மட்டும் நிற்கிறவர் அல்ல. கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமே அதுதான். கடவுள் மேலே இருந்துகொண்டு நம்மைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. மண்ணுக்குள்ளே வந்தார். மரியாவின் வயிற்றில் உடல் எடுத்தார். பசித்தார், களைத்தார், அழுதார். சிலுவையில் மனிதர் கொடுத்த அடி முழுவதையும் உள்ளே இருந்த அந்தக் கை வாங்கிக்கொண்டது. இம்மானுவேல், கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று சொல்கிறோமே, குயவர் வீட்டு மொழியில் அதற்குப் பொருள் இதுதான்: உள்ளே ஒரு கை இருக்கிறது.

இங்கே நான் மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேச விரும்புகிறேன்.

முதலில், கையில் பலகை வைத்திருப்பவர்களிடம். பெற்றோர், ஆசிரியர், மேற்பார்வையாளர், என்னைப் போன்ற குருக்கள், நாம் எல்லாரும் யாரையோ திருத்தும் பொறுப்பில் இருக்கிறோம். திருத்த வேண்டியதுதான். ஆனால் உங்கள் இன்னொரு கை எங்கே இருக்கிறது? அந்தப் பையன் என்ன பாடத்தில் பின்தங்கியிருக்கிறான், பள்ளியில் யார் அவனைக் கேலி செய்கிறார்கள், இரவில் ஏன் தூக்கம் வரவில்லை, இதெல்லாம் தெரியாமல் ஓங்கும் கை, உள்ளே கை இல்லாமல் தட்டும் பலகை. அதனால் பானை உருவாகாது, குழிதான் விழும். பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள், அவர்கள் மனம் தளர்ந்துபோவார்கள் என்று தந்தையரைப் பார்த்துத் திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு எழுதுகிறார். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் பள்ளி வாசலில் நிற்கலாம். நற்செய்தி வீட்டுக்குள்ளும் வர வேண்டும்.

என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மறையுரையில், குடிக்கும் ஒரு வாலிபனின் வீட்டைப் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் புரியும்படி கண்டித்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவனுடைய தாய் அடுத்த வாரத்திலிருந்து பூசைக்கு வரவில்லை. அதற்கு முன்னால் நான் அந்த வீட்டுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை. உள்ளே கை வைக்காமல் தட்டினேன். குயவர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாலையே அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். இன்னும் பூசைக்கு வரவில்லை. ஆனால் நான் போனால் கதவு திறக்கிறது. அது போதும் என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

இரண்டாவதாக, அடி வாங்கிக்கொண்டிருப்பவர்களிடம். அம்மா, தங்கச்சி, இதைக் கவனமாகக் கேளுங்கள். குடித்துவிட்டு வருகிறவன் உங்களை அடிப்பதைக் "கடவுள் தரும் சிலுவை, பொறுத்துக்கொள்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், நம்பாதீர்கள். மேலே விழும் எல்லா அடியும் குயவனின் அடி அல்ல. கல்லெறிகிறவனும் பானையை அடிக்கிறான். அவனை யாரும் குயவன் என்று சொல்வதில்லை. பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்க 2005லேயே சட்டம் வந்திருக்கிறது. 181 என்பது பெண்களுக்கான உதவி எண். 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண். இரண்டையும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம். உதவி கேட்பது விசுவாசக் குறைவு அல்ல. உதவிக்கு வரும் மனிதர் வழியாகவும் உள்ளே இருக்கும் கை வேலை செய்கிறது.

மூன்றாவதாக, காரணம் தெரியாத துன்பத்தில் இருப்பவர்களிடம். நோய் வந்திருக்கிறது, பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறீர்கள், வேலை போயிருக்கிறது. இதைக் கடவுள்தான் அடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பு சொன்னதற்காக வருந்துகிறேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தாலும், நீங்கள் வெறும் கூடு அல்ல. உள்ளே ஒரு கை உங்களைத் தாங்குகிறது, அடியின் வலி முதலில் அதற்குத் தெரிகிறது. நாம் எப்பக்கமும் நெருக்கப்பட்டாலும் நொறுங்கிப்போகாத மண்பாண்டங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது, செல்வம் பாண்டத்துக்கு உள்ளே இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொன்னார்.

அன்பார்ந்தவர்களே, மானாமதுரையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வைகைக் கரையிலுள்ள அந்த ஊரின் மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரிகளில் வாசிக்கும் கடம் அங்கேதான் பேர்போனது. அந்தக் கடமும் இப்படித்தான் உருவாகிறது, உள்ளே கல், வெளியே மரப்பலகை. ஆனால் சமையல் பானைக்குத் தட்டுவதைப்போலப் பல மடங்கு, ஆயிரக்கணக்கான தட்டுகள் வேண்டும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருந்தால்தான் நாதம் ஒழுங்காக வரும். கடம் செய்யும் கலைக்காக அவ்வூர் மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. மேடையில் கடம் பாடும்போது நாம் வெளியே தட்டும் விரல்களைப் பார்த்துக் கைதட்டுகிறோம். அந்தக் குரலுக்கு உள்ளே பல நாள் ஒரு பெண்மணியின் கை இருந்தது என்பதை நினைப்பதில்லை. நம் வாழ்விலும் நல்ல குரல் எழும்போது, உள்ளே கை வைத்திருந்த தாயை, ஆசிரியரை, நண்பரை நினைத்துக்கொள்வோம்.

பெரியவர் சொன்ன இன்னொன்றும் உண்டு. "ஈரம் ரொம்ப இருந்தா பலகையில ஒட்டும். காஞ்சு போச்சுன்னா விரிசல் விடும். நடுவுல ஒரு பதம் இருக்கு, அதுக்குள்ள தட்டணும்." எரேமியா நூலில் 18ஆம் அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரத்தில் இன்னொரு மண்கலம் வருகிறது. அது சுட்ட கலம். எரேமியா அதை உடைத்துக் காட்டுகிறார், அது மறுபடி ஒட்டாது என்கிறார். ஈரமண் சிதைந்தால் மீண்டும் வனையலாம். சூளையில் சுட்டபின் உடைந்தால் ஓடுதான் மிஞ்சும். தவக்காலம் அந்தப் பதமான நேரம். பிடிவாதம் இன்னும் சுடப்படவில்லை. பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி பேசலாம். அடித்த தகப்பன் மகனிடம் "தப்புப் பண்ணிட்டேன்பா" என்று சொல்லலாம்.

பானையின் அடி ஏன் உருண்டையாக இருக்கிறது என்றும் கேட்டேன். "மூலை இருந்தா சூட்டுல அங்கதான் முதல்ல விரிசல் விடும் சாமி. உருண்டையா இருந்தா தீ எல்லாப் பக்கமும் சமமாப் பரவும்" என்றார். ஆனால் உருண்டைப் பானை தரையில் தனியாக நிற்காது. அடுப்பில் மூன்று கல் தாங்க வேண்டும், தரையில் பிரிமணை வேண்டும், தலையில் சும்மாடு வேண்டும். எவ்வளவு நன்றாக உருவான மனிதரும் தனியாக நிற்க முடியாதவர்தாம். அதற்காகத்தான் குடும்பம், அதற்காகத்தான் அன்பியம், அதற்காகத்தான் பங்கு.

அந்தத் தகப்பனை மறுபடி கூப்பிட்டேன். வார்த்தையால் சொல்லவில்லை. தண்ணீர்ப் பானைகளை எடுத்து வர என்னோடு அழைத்துப் போனேன், பையனையும்தான். பெரியவர் பையனை அருகே உட்காரவைத்து, கல்லை அவன் கையில் கொடுத்து, பானைக்குள்ளே விடச் சொன்னார். வெளியே பலகையைத் தகப்பன் கையில் கொடுத்தார். "இப்பத் தட்டுங்க பாப்போம்" என்றார். தகப்பன் பலகையை ஓங்கினார். உள்ளே இருப்பது மகனின் கை. ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு, பூவைத் தொடுவதுபோல ஒரு தட்டுத் தட்டினார். "இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தட்டலாம்பா" என்று பையன்தான் சொன்னான். அவர்கள் தட்டிய பானை கோணலாகத்தான் வந்தது. பெரியவர் அதை மறுபடி மண்ணோடு சேர்த்துப் பிசைந்துவிட்டார். பையன் இன்னும் கணக்கில் தேறவில்லை. ஆனால் இரவில் வீட்டில் தூங்குகிறான். தகப்பன் ஷிப்ட் முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்காருகிறார். பெல்ட் இடுப்பில் மட்டும் இருக்கிறது.

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், சக்கரத்தின் அருகே அமர்ந்து காலால் அதைச் சுற்றி, சூளையைக் காத்து விழித்திருக்கும் குயவரைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் இல்லாமல் எந்த நகரும் வாழ முடியாது என்கிறது. கைத்தொழிலே அவர்களின் வேண்டுதல் என்றும் சொல்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்தக் கோடையில் நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மண்பானை இருக்கட்டும். சாலையோரத்தில் வாங்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். அதன் உட்புறத்தை ஒரு முறை தடவிப் பாருங்கள். வெளியே வழவழப்பாகத் தெரியும். உள்ளே கல் பதிந்த மெல்லிய பள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். அங்கே ஒரு கை இருந்ததற்கு அதுவே சாட்சி.

செபிப்போமா? எங்களை வனைந்த ஆண்டவரே, எங்கள் உள்ளே இருந்து எங்கள் அடிகளைத் தாங்குகிறவரே, நாங்கள் யாரையும் உள்ளே கை வைக்காமல் தட்டாதபடி எங்களைக் காத்தருளும். இன்று அடிபட்டுக் கிடக்கிறவர்களுக்கு எங்கள் கைகளையே தாங்கும் கைகளாக்கும். எங்கள் ஈரம் காயுமுன் எங்களைத் திருத்தியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக.